ஆங்கில வாக்கியம் அமைப்பது எப்படி: தமிழ் வழியே தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் 12 ஆண்டுகள் ஆங்கிலம் படித்துத் தேர்ச்சியும் பெற்ற ஒருவர், மேலாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுத உட்காரும்போது முதல் வரியிலேயே தடுமாறி நின்றுவிடுவதை அன்றாடம் பார்க்கிறோம். அவருக்குச் சொற்கள் தெரியும். பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று கேட்டால் அடையாளம் காட்டிவிடுவார். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியைக்கூடப் பிழையின்றிச் செய்திருப்பார். தம் மனத்தில் இருக்கும் ஒரு தமிழ் வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்கி எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது. தமிழ் இலக்கணம் நமக்குள் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அதை ஒதுக்கி வைக்காமல் அதன்மேல் நின்றுகொண்டே ஆங்கிலத்தைக் கற்பதுதான் தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஏற்ற வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

கீழே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தால் பாடமும் பயிற்சியும் ஒன்றாக நடக்கும்.

முதல் படி: வரிசையைப் பிடித்துக்கொள்ளுதல்

'மான் புலியைப் பார்த்தது' என்றாலும் 'புலியை மான் பார்த்தது' என்றாலும் பார்த்தது மான்தான். புலி என்ற சொல்லோடு ஒட்டியிருக்கும் இரண்டாம் வேற்றுமை உருபு அதைக் காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'தி டீர் ஸா தி டைகர்' என்ற வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பார்த்தது புலி என்று ஆகிவிடும். காரணம், அங்கே உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் நம்முடைய உருபுகளைப் போன்ற சொல் ஈறுகள் இருந்தன. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அவை தேய்ந்துபோக, அவை செய்த வேலையைச் சொல்லின் இடம் ஏற்றுக்கொண்டது. 'ஹி' என்பது 'ஹிம்' ஆவதும் 'தே' என்பது 'தெம்' ஆவதும் அந்தப் பழைய அமைப்பின் மிச்சங்கள்.

எனவே முதலில் கற்க வேண்டியது எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை. இதை எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். இதற்கு மேலும் ஒரு படி போகலாம். 'நான் நேற்று சந்தையில் காய்கறி வாங்கினேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான்' என்பதை முதலில் வைத்துவிட்டு, மீதியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: வாங்கினேன், காய்கறி, சந்தையில், நேற்று. ஆங்கில வாக்கியம் இதே வரிசையில் வருகிறது: 'ஐ பாட் வெஜிடபிள்ஸ் அட் தி மார்க்கெட் எஸ்டர்டே'. 'நான் அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன்' என்பதையும் இப்படியே செய்து பாருங்கள்: 'ஐ சென்ட் மனி டு மை மதர்'. சொற்றொடருக்குள்ளேயும் இந்தத் திருப்பம் நடக்கிறது. தமிழில் 'அம்மா' முன்னும் 'கு' பின்னும் வருகின்றன. ஆங்கிலத்தில் 'டு' முன்னால் வந்துவிடுகிறது. சந்தை, வீடு, மேசை என்று எதை எடுத்தாலும் நம் உருபு சொல்லின் வாலில் ஒட்டும், அவர்களிடம் அதே வேலையைச் செய்யும் 'டு' போன்ற சொல் தலையில் தனியாக நிற்கும். தொடங்குபவர் கையில் இருக்க வேண்டிய முதல் கருவி இது: எழுவாயை வைத்துவிட்டு மீதியைத் திருப்பு.

இது எங்கே பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயருக்கு முன் வரும் ஒற்றை அடைமொழி திரும்பாது. 'பெரிய வீடு' அங்கேயும் 'பிக் ஹவுஸ்' தான். 'தம்பியின் நண்பன்' போன்ற உடைமைத் தொடரும் 'பிரதர்ஸ் ஃப்ரெண்ட்' என்று அதே வரிசையில் நிற்கும். காலத்தைக் குறிக்கும் சொல்லை விரும்பினால் வாக்கியத்தின் தலையில் வைக்கலாம்: 'எஸ்டர்டே ஐ பாட் வெஜிடபிள்ஸ்'. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே மட்டும் அதைச் செருகக் கூடாது. 'ஐ பாட் எஸ்டர்டே வெஜிடபிள்ஸ்' என்பது பிழை.

இரண்டாம் படி: எழுவாயும் வினையும் காலியாக இருக்கக் கூடாது

தமிழில் 'வந்தேன்' என்ற ஒரே சொல் முழு வாக்கியம். வந்தது நான் என்பது ஈற்றிலேயே இருப்பதால் எழுவாயை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கட்டளை வாக்கியம் தவிர மற்ற எல்லா வாக்கியங்களிலும் எழுவாயின் இடம் நிரம்பியிருக்க வேண்டும். அங்கே வைப்பதற்குப் பொருள் எதுவும் இல்லையென்றால் பொருளற்ற 'இட்' என்ற சொல்லையாவது நிறுத்துகிறார்கள். 'மழை பெய்கிறது' என்பது 'இட் இஸ் ரெயினிங்'; 'மணி ஐந்தாகிறது' என்பது 'இட் இஸ் ஃபைவ்'. ஓரிடத்தில் ஒன்று இருக்கிறது என்று முதன்முறையாகச் சொல்லும்போது 'தேர் இஸ்' என்று தொடங்க வேண்டும். 'எங்கள் ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது' என்பது 'தேர் இஸ் எ லைப்ரரி இன் அவர் டவுன்' ஆகும்.

வினையின் இடமும் அப்படித்தான். 'அவள் ஆசிரியை' என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. ஆனாலும் குறை ஏதும் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் 'ஷி எ டீச்சர்' என்று விட முடியாது, 'ஷி இஸ் எ டீச்சர்' என்று 'இஸ்' அங்கே நிற்க வேண்டும். 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வெர்' ஆகிய ஐந்தும் இந்தக் காலி இடத்தை நிரப்பும் சொற்கள்.

இதைக் கற்றவுடன் இதற்கு நேர்மாறான பிழை ஒன்று தொற்றிக்கொள்கிறது: எல்லா வாக்கியத்திலும் 'ஆம்' சேர்ப்பது. 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் ஒர்க் இன் எ பேங்க்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேறு வினை வந்துவிட்டால் அந்த இடம் நிரம்பிவிட்டது. அங்கே 'ஆம்' வேண்டியதில்லை. 'ஐ அக்ரீ', 'ஐ ஒர்க் இன் எ பேங்க்' என்று எழுதினால் போதும். செய்வினை வாக்கியத்தில் 'ஆம்' வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் பெயராகவோ பண்பாகவோ இடமாகவோ 'இங்' ஈறு பெற்ற வினையாகவோ இருக்கும்.

'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களில் இந்தப் படியின் உண்மையான சிக்கல் இருக்கிறது. பசி, விருப்பம், அறிவு, உடைமை ஆகியவற்றைத் தமிழ் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் சொல்கிறது. ஆங்கிலம் அவை எல்லாவற்றையும் 'ஐ' என்றே தொடங்குகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பது 'ஐ ஆம் ஹங்க்ரி'. 'எனக்குத் தமிழ் தெரியும்' என்பது 'ஐ நோ டமில்'. 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்' என்பது 'ஐ ஹேவ் எ யங்கர் சிஸ்டர்'. பிடிக்கும் என்றால் 'ஐ லைக்', வேண்டும் என்றால் 'ஐ வான்ட்', புரிகிறது என்றால் 'ஐ அண்டர்ஸ்டாண்ட்'. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கச் சொல்வேன். நாள் முழுவதும் நாம் பேசும் பேச்சில் 'எனக்கு' எத்தனை முறை வருகிறது என்று கவனித்தால் இதன் பயன் விளங்கும்.

மரியாதையும் இங்கேதான் வழி தவறச் செய்கிறது. அப்பாவை 'வந்தார்கள்' என்று பன்மையில் சொல்லிப் பழகிய நாக்கு 'மை ஃபாதர் ஆர்' என்று தொடங்கிவிடும். ஆங்கில வினையில் மரியாதைப் பன்மை கிடையாது. 'மை ஃபாதர் இஸ்' என்று எழுதுவதால் அப்பாவுக்கு எந்தக் குறைவும் இல்லை. 'அவர்' என்று பொதுவாகச் சொல்லிவிடவும் ஆங்கிலம் எளிதில் விடாது. பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்து 'ஹி' அல்லது 'ஷி' என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: நான்கு கால வடிவங்கள்

காலங்கள் 12 என்று பட்டியல் போட்டு ஒரே வாரத்தில் கற்பிக்கும் முறையால் பயன் பெற்றவர்களைவிடப் பயந்தவர்களே அதிகம். தொடக்கத்தில் நான்கு போதும்: வழக்கமாக நடப்பது, இப்போது நடந்துகொண்டிருப்பது, நடந்து முடிந்தது, நடக்கப்போவது. 'ஐ டிரிங்க் காஃபி', 'ஐ ஆம் டிரிங்கிங் காஃபி', 'ஐ டிராங்க் காஃபி', 'ஐ வில் டிரிங்க் காஃபி'.

முதல் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 'நான் வங்கியில் வேலை செய்கிறேன்' என்றும் 'இதோ, வேலை செய்கிறேன்' என்றும் ஒரே வடிவத்தை இரண்டுக்கும் தமிழில் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் நிலையான வழக்கத்துக்கு 'ஐ ஒர்க்', இந்த நேரத்துச் செயலுக்கு 'ஐ ஆம் ஒர்க்கிங்'. அறிதல், புரிதல், விரும்புதல், உடைமை ஆகியவை கண்ணெதிரே நடக்கும் செயல்கள் அல்ல என்பதால் அவை பெரும்பாலும் 'இங்' ஏற்பதில்லை. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் எ பைக்' என்று நம் ஊரில் பரவலாகக் கேட்டாலும், எழுதும்போது 'ஐ நோ', 'ஐ ஹேவ் எ பைக்' என்றே எழுத வேண்டும்.

வழக்கத்தைச் சொல்லும்போது எழுவாய் அவன், அவள், அது என்று ஒருமையில் இருந்தால் வினையின் ஈற்றில் 'ஸ்' சேர்கிறது: 'ஷி ஒர்க்ஸ்'. தமிழ் வினை செய்கிறேன், செய்கிறாய், செய்கிறாள், செய்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஈறு ஏற்கிறது. ஆங்கிலத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒற்றை எழுத்து மட்டுமே. ஒன்றே ஒன்று என்பதாலேயே அது மறந்துபோகிறது.

நடந்து முடிந்ததைச் சொல்ல 'எட்' ஈறு பெரும்பாலான வினைகளுக்குப் பொருந்தும். 'கோ–வென்ட்', 'பை–பாட்', 'ஸீ–ஸா' போன்று விதிக்கு உட்படாத வினைகள் சுமார் 200 உண்டு. அன்றாடம் தேவைப்படுபவை அவற்றில் ஒரு பகுதிதான். அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, நேற்று நடந்ததை நான்கு வரியில் எழுதும்போது தேவைப்படும் வினையை மட்டும் அகராதியில் பார்த்து எழுதினால் அவை மனத்தில் தங்கும்.

இந்த நான்கும் பழகிய பிறகு 'வந்திருக்கிறார்' என்ற வடிவத்துக்குப் போகலாம். தமிழின் 'இரு' செய்யும் வேலையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்' செய்கின்றன: 'ஹி ஹேஸ் கம்'. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலம் இந்த வடிவத்தை ஏற்காது. 'ஹி கேம் எஸ்டர்டே' என்று இறந்த காலத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான்காம் படி: இல்லை என்பதும் கேள்வி கேட்பதும்

தமிழில் 'ஆ' சேர்த்தால் கேள்வி, 'இல்லை' சேர்த்தால் மறுப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் உதவி வினை வேண்டும். வாக்கியத்தில் 'இஸ்', 'வில்', 'கேன்' போன்ற ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம்: 'ஷி இஸ் நாட் எ டீச்சர்', 'இஸ் ஷி எ டீச்சர்?'. அப்படி எதுவும் இல்லாத வாக்கியத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றில் பொருந்துவதைக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தவுடன் காலத்தையும் 'ஸ்' ஈற்றையும் அந்த உதவி வினையே சுமந்துகொள்ளும். முதன்மை வினை தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'ஹி வென்ட்' என்பதன் மறுப்பு 'ஹி டிட் நாட் கோ'. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுவது இறந்த காலத்தை இரண்டு முறை சொல்வதாகும்.

கேள்வியில் உதவி வினை எழுவாய்க்கு முன்னால் தாவுகிறது: 'வேர் இஸ் ஹி?', 'வேர் டிட் ஹி கோ?'. அந்தக் கேள்வி வேறொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் வரிசை பழையபடி நேராகிவிடும். 'அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது' என்பது 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்'. இங்கே 'வேர் இஸ் ஹி' என்று எழுதுவது நன்றாகப் படித்தவர்களிடமும் காணப்படும் பிழை.

பதில் சொல்வதில் இன்னொரு பொறி இருக்கிறது. 'நீங்கள் சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் உண்மை நிலைதான் பதிலைத் தீர்மானிக்கும். சாப்பிடவில்லை என்றால் 'நோ, ஐ டிட்ன்ட்', சாப்பிட்டிருந்தால் 'எஸ், ஐ டிட்'. தொலைபேசியில் பணம் செலுத்தியது பற்றியோ மருந்து எடுத்துக்கொண்டது பற்றியோ கேட்கும்போது இந்த ஒரு சொல் பொருளையே புரட்டிவிடும் என்பதால், வெறும் 'எஸ்' அல்லது 'நோ' என்று நிறுத்தாமல் முழுப் பதிலாகச் சொல்லிப் பழகுவது பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: இரண்டு வாக்கியங்களை இணைத்தல்

தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன பெரும்பாலோருக்கும் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம் பிழையில்லாமல் தெரியும். அது விடுப்புக் கடிதத்தின் முதல் வரி: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு கம் டு ஸ்கூல் டுடே'. மனப்பாடமாக எழுதிய அந்த வரியை இப்போது பிரித்துப் பாருங்கள். காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று தமிழில் காரணம் முடியும் இடத்தில் வரும் 'ஆல்' என்பதன் வேலையைக் காரணம் தொடங்கும் இடத்தில் நிற்கும் 'ஆஸ்' செய்கிறது. 'மழை பெய்தால்' என்பது 'இஃப் இட் ரெயின்ஸ்'. 'நான் வந்தபோது' என்பது 'வென் ஐ கேம்'. 'உடம்பு சரியில்லாவிட்டாலும்' என்பது 'ஆல்தோ' என்று தொடங்கும். நம் வாலில் வருவது அவர்கள் தலையில் வரும் என்ற முதல் படியின் விதியே வாக்கிய அளவில் இங்கே நடக்கிறது. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மறுபடி 'பட்' போடக் கூடாது. இரண்டில் ஒன்று போதும்.

பெயரெச்சத் தொடரும் இப்படியே திரும்புகிறது. 'நேற்று வந்த பையன்' என்பதில் பையனைப் பற்றிய செய்தி முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் பையனை முதலில் நிறுத்திவிட்டுச் செய்தியைப் பின்னால் சொல்ல வேண்டும்: 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. ஆளாக இருந்தால் 'ஹூ', பொருளாக இருந்தால் 'தட்' அல்லது 'விச்'. 'மேசை மேல் இருக்கும் புத்தகம்' என்பதற்கு அதுகூட வேண்டாம். 'தி புக் ஆன் தி டேபிள்' என்றாலே போதும்.

சிறு சொற்கள்: 'எ', 'தி', 'இன்', 'ஆன்', 'அட்'

தமிழில் 'எ', 'தி' போன்றவை இல்லாததால் இவை கைவரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்காகக் காத்திருந்து எழுதாமல் இருக்கக் கூடாது. எண்ணக்கூடிய ஒரு பொருளை முதன்முதலில் சொல்லும்போது 'எ', எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரிந்துவிட்ட பிறகு 'தி' என்பதோடு தொடங்கலாம். 'ஐ பாட் எ பென். தி பென் இஸ் ப்ளூ.' 'எ' என்பது 'அன்' ஆவது எழுத்தைப் பார்த்தல்ல, ஒலியைக் கேட்டு. அதனால்தான் 'அன் அவர்' என்றும் 'எ யூனிவர்சிட்டி' என்றும் வருகின்றன.

நேரத்தைக் குறிக்கும்போது ஆண்டுக்கும் மாதத்துக்கும் 'இன்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மணிக்கு 'அட்': 'இன் 2024', 'ஆன் மண்டே', 'அட் ஃபைவ்'. இடத்துக்கு வரும்போது விதிகள் இவ்வளவு சீராக இருப்பதில்லை. படிக்கும்போது கண்ணில் படும் தொடர்களை அப்படியே குறித்துக்கொள்வதே வழி.

ஒரு வாக்கியத்தை முழுமையாகக் கட்டுவோம்

'நேற்று மாலை எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாததால் பக்கத்து வீட்டில் செல்போனுக்கு சார்ஜ் போட்டேன்.' இதை எடுத்துக்கொள்வோம். வினைகளை முதலில் தேடுங்கள்: 'இல்லாததால்', 'போட்டேன்' என்று இரண்டு. ஆகவே ஆங்கிலத்திலும் இரண்டு வினை, இரண்டு எழுவாய். 'போட்டேன்' என்பதற்குள் 'நான்' ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால் 'ஐ சார்ஜ்ட்'. எதை? 'மை ஃபோன்', தமிழில் சொல்லாமல் விட்ட 'என்' இங்கே தேவைப்படுகிறது. எங்கே? 'அட் தி நெய்பர்ஸ் ஹவுஸ்'. அடுத்து 'ஆல்' என்பதற்கு 'பிகாஸ்'. மின்சாரம் இருந்ததா இல்லையா என்று சொல்லும் பகுதிக்கு 'தேர் வாஸ் நோ பவர்', அதன்பின் 'இன் அவர் ஸ்ட்ரீட்', கடைசியில் 'எஸ்டர்டே ஈவினிங்'. சேர்த்துப் படித்தால்: 'ஐ சார்ஜ்ட் மை ஃபோன் அட் தி நெய்பர்ஸ் ஹவுஸ் பிகாஸ் தேர் வாஸ் நோ பவர் இன் அவர் ஸ்ட்ரீட் எஸ்டர்டே ஈவினிங்'. தமிழ் வாக்கியத்தை வலக்கோடியிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே வரிசை.

அன்றாடப் பயிற்சி

ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்ற அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது. தொடங்குபவருக்கு அது பொருந்தாது. சிந்திக்கப் போதுமான ஆங்கில வாக்கியங்கள் கைவசம் இல்லாதவர் அந்த அறிவுரையால் மௌனமாகிவிடுவார். அன்று உண்மையில் நடந்தவற்றை ஐந்து தமிழ் வாக்கியங்களாக எழுதி, மேலே கண்டபடி ஆங்கிலத்தில் கட்டுங்கள். பழகப் பழகத் தமிழ் வரியை எழுதாமலே ஆங்கில வரி வரத் தொடங்கும். அதுவரை அதை அவசரப்படுத்த வேண்டாம்.

எழுதியதைத் திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடாதீர்கள். முதல் வாசிப்பில் ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடு போட்டு, அதன் இடப்பக்கம் அதற்குரிய எழுவாய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேள்வியாக இருந்தால் உதவி வினை எழுவாய்க்கு முன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் காலம் சரியா, 'ஸ்' விட்டுப்போயிருக்கிறதா, 'டிட்' வந்த இடத்தில் முதன்மை வினை இயல்பு வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எ', 'தி' இரண்டையும் மூன்றாம் வாசிப்புக்கு விட்டுவிடலாம். அவற்றில் பிழை இருந்தாலும் படிப்பவருக்குப் பொருள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும், எழுவாயும் வினையும் இடம் மாறினால் சேராது.